வால் கணக்கில் இல்லை

கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போன கிழமை
உழவு மெஷின் பெட்டியில் நின்றபடி அக்கரை போனோம்.
ஏறாவூர் ஜெசீலா மழைக்கோட்டைக் கழற்றிக்
கமெராவுக்குப் போட்டுவிட்டுத் தான் நனைந்தாள்.

மயிலடிக்கல்லின் வடக்கு முகத்தில், தலைகீழாக,
ஒரு விரல் நீளம்.
பாசி என்று இரண்டு தரம் கண்ணை எடுத்துவிட்டேன்.
மூன்றாம் தரம்
பாசி எறும்பைத் தின்றது.

மாட்டுப்பட்டிக்கு வந்த ரெட்ணசீலன் எட்டிப் பார்த்தான்.
"பல்லிதானே மிஸ்."
வீட்டுப் பல்லிக்கு விரலில் மெத்தை, இதற்கு நகம் மட்டும்.
அதற்குக் கண்மணி கீறல், இதற்கு வட்டம்.
அது இரவுக்காரன், இது பகலில் வேட்டையாடும்
என்றெல்லாம் சொன்னேன்.
"சொல்லுமா?"
"இன்னும் கேக்கல்ல."
"சொல்லாட்டி அது பல்லியில்ல" என்றான்.
என்னுடையதை விடச் சுருக்கமான வகைப்பாடு.

வந்தாறுமூலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு
நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணத் தொடங்கினோம்.
நாலாம் இலக்கம். ஆண். மதுசாரத்தில் ஆறு நாள்.
நாலாம் விரலின் அடித்தகடு பதினேழு.
தொடைத்துளை பக்கத்துக்கு நாலு.
வயிற்றின் குறுக்கே செதில் பத்தொன்பது;
ஜெசீலா எண்ணினால் இருபது.
விளிம்பில் ஒரு செதில்
வயிறா விலாவா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

வாலை அளந்து எழுதி, எழுதியதை வெட்டினேன்.
அது இரண்டாம் வால்.
எப்போதோ எதனிடமோ முதல் வாலைக் கொடுத்துவிட்டுத்
தப்பியிருக்கிறது.
முளைத்ததில் வரியில்லை, முள்ளில்லை,
நிறம் மட்டும் கிட்டத்தட்ட.
விதிப்படி எழுதினேன்:
மீள வளர்ந்தது. கணக்கில் இல்லை.

வகையறியும் அட்டவணை ஆளை அலைய வைக்கும்.
முதுகில் முள் உண்டெனில் மூன்றுக்குப் போ,
இல்லையெனில் ஏழுக்கு.
ஏழு ஒன்பதுக்கு அனுப்பியது.
ஒன்பதில் இரண்டு வாசல்.
இரண்டுக்குள்ளும் இதன் தலை போகவில்லை.
மூன்று முறை முதலாவதிலிருந்து வந்தோம்,
பிழை எங்களுடையதாக இருக்கட்டும் என்று.
தேத்தண்ணியில் ஆடை கட்டிவிட்டது.
புதிது என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.
ஜெசீலா எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள்.
தாள்கள் எல்லாம் பறந்தன.
பொறுக்கிக்கொண்டே சிரித்தோம்.

பிறகு, 'கிடைத்த இடம்' என்றொரு கட்டம்.
அந்தக் கல்லுக்கு
மாட்டுக்காரர் வாயில் ஒரு பெயர்,
வரைபடத்தில் ஒரு பெயர்,
உச்சியில் காவலரண் இருந்த காலத்தில் வெறும் இலக்கம்.
பல்லிக்கு நாங்கள் வைக்கப்போவது ஒன்றேயொன்று,
அதுவும் அது அறியாத லத்தீனில்.
சரியான புள்ளியை எழுதினால்
போத்தலோடு ஆட்கள் வருவார்கள் என்றாள் ஜெசீலா.
நாங்கள் போனதும் போத்தலோடுதான்.
மேசையில் அது மிதந்தது,
வட்டக் கண் வெளுத்துப்போய்.
மாவட்டத்தை மட்டும் எழுதினேன்.

மார்கழிக் கடைசியில் தொலைபேசி அடித்தது.
"மிஸ், கல்லடியில நிக்கிறன்.
உங்கட ஆள் இப்ப சொன்ன மாதிரி இருந்திச்சி."
பென்சிலைத் தேடியபடி கேட்டேன்,
"எத்தனை தரம்?"
"எண்ணல்ல மிஸ்,
மாடு கத்திட்டு."