முள்ளோடைக்கு அப்பால்

கேட்காமலேயே டிக்கெட்டைக் கிழித்துவிட்டார் கண்டக்டர்.
ஒன்பது வருடமாய்
கடலூரிலிருந்து எனக்கு ஒரே நிறுத்தம்தான்:
எல்லை தாண்டியதும் முதல் விளக்கு,
முதல் கடை.
"முதலியார்பேட்டை" என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.
"முள்ளோடை தாண்டியாண்ணே?"
பஸ்ஸே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

சட்டைப் பையில்
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி மாத்திரைக் கவர்.
அதன் முதுகில் நர்ஸ் பிலோமினா எழுதிக் கொடுத்தது:
சனிக்கிழமை ஏழு மணி, மாதா கோயில் பின்னால், பள்ளிக்கூடம்.
எந்த மாதா, எந்தப் பள்ளிக்கூடம் என்று
கேட்டிருக்கலாம்.
கை நடுங்குவதை மறைப்பதிலேயே இருந்துவிட்டேன்.
கடலூரிலும் ஒன்று நடக்கிறதே என்றார்.
அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்றேன்.
முதுநகர் சாக்கடை ஓரம் நீ கிடந்ததைப் பார்த்தவர்களிடம்
இன்னும் எதை மறைக்கப் போகிறாய் என்று
அவர் கேட்கவில்லை.

ஆல்பேட்டை செக்போஸ்ட்.
திரும்பி வரும்போதுதான் பையைத் திறக்கச் சொல்வார்கள்.
போகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.
பெண்ணையாற்றுப் பாலம்.
ரெட்டிச்சாவடி தாண்டியதும்
என் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன.
உட்காரவைத்தேன்.

முள்ளோடை.
பாதிப் பஸ் இறங்கியது.
துறைமுகத்தில் வலை ஏற்றும் காத்தவராயன்
கீழே நின்று ஜன்னலைத் தட்டினான்:
"யோவ், தூங்கிட்டியா? எறங்குய்யா!"
தூங்குகிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு
முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்,
ஐஸ் பேக்டரியில் பாளத்தை இடுக்கியில் பிடிப்பதுபோல.
நழுவினால் கால் போய்விடும்.
விசில் வர
எவ்வளவு நேரம்!

கன்னியக்கோயில். கிருமாம்பாக்கம். தவளக்குப்பம்.
இந்த ரோட்டில் இத்தனை ஊர்களா?
அரியாங்குப்பத்து ஆற்றில்
படகில் நின்று ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்,
சாயங்காலம் ஆறரைக்கு.

இறங்கி, மருந்துக் கடையில் கேட்டேன்:
"இங்க ஒரு கூட்டம்..."
கட்சிக் கூட்டமா, ஜெபக் கூட்டமா,
சீட்டுக் கூட்டமா என்றார்கள்.
அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை.
எந்தக் கடையில் அதைக் கூசாமல் சொல்லலாம் என்று
எனக்குத்தான் தெரியுமே.

கம்பி வலைக்குப் பின்னாலிருந்தவர்
என் முகத்தைப் பார்த்ததுமே
அலமாரிக்குக் கையை நீட்டினார்.
"குவார்ட்டரா?"
"இல்ல. குடிய விட்டவங்க கூட்டம்..."
கை அந்தரத்தில் நின்றது.
பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்.
"பச்சை கேட்டு. படி ஏறாதீங்க, கீழ்தளந்தான்.
டியூப்லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும்.
வெரசா போங்க, ஏழரைக்கெல்லாம் டீ தீந்துடும்."

டீ தீர்வது இவருக்கு எப்படித் தெரியும் என்று
பாதி வழியில்தான் உறைத்தது.

மூன்றாம் வகுப்பு பெஞ்சு. முட்டி மோவாயில் இடித்தது.
கரும்பலகையில்
கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு,
விடை எழுதாமல்.
பதினோரு பேர். டீ இருந்தது.
யாரோ ஊற்றினார், பாதிக் கப் மட்டும்.
நிறைய ஊற்றினால் சிந்தும் என்று தெரிந்த கை.

பொற்கொடி என்றொரு அம்மா பேசினார்:
"மூணு வருசம் நாலு மாசம் ஆவுது.
நேத்து ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
நான் நேற்றைக் கேட்கவே வந்தேன் போல.

என்னைப் பார்த்தார்கள்.
பேர் சொல்ல எழுந்தவன்
"முள்ளோடையில எறங்கல" என்றேன்.
ஒருத்தரும் விளக்கம் கேட்கவில்லை.

கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு.
திரும்பும்போதும் அதே ரோடு, அதே நிறுத்தம்.
டீ ஊற்றியவர் மாத்திரைக் கவரை வாங்கி
நம்பர் எழுதினார்.
"கன்னியக்கோயில் வந்ததும் அடிங்க.
ரெட்டிச்சாவடி தாண்டுற வரைக்கும்
எதையாவது பேசிக்கிட்டு இருப்போம்."

செல்லில்
பதினாலு சதவீதம் சார்ஜ் இருந்தது.