நீல இலை

மெர்ட்டனில், வாண்டில் ஆற்றங்கரைப் பட்டறையில்
ஒரே நீள மேசை, முப்பது பெண்கள்.
சிவப்பு அச்சு வாங்கி
சாணித் தொட்டியில் முங்கியெழுந்த துணி
நீலத்துக்கு எங்களிடம் வரும்.

அவுரிக்குக் காத்திருக்கத் தெரியாது.
அரிதாரம் கரைத்த கிண்ணத்தில் பச்சையாய்க் கிடக்கும்,
காற்றுப் பட்டால் நீலம்.
அதற்குள் இலையை முடித்துவிட வேண்டும்.
டார்க்கஸ் ஆம்பிள் வாயும் கையும் ஓயாமல் தீட்டுவாள்.
எனக்குப் பேச்சு வந்தால் கோடு கோணும்.

வயிற்றில் ஏழாம் மாதம்.
உள்ளிருந்து ஓர் உதை,
கை துள்ளி
ஒரு பறவையின் வலது காலில் ஏறிவிட்டது நீலம்,
முழங்கால் வரை, காலுறைபோல.
மேற்பார்வைக்காரர் த்ரப் இருமிக்கொண்டே கடந்துபோனார்.
வரிக்காரர் கெஜக்கணக்கை மட்டும் பார்த்து
ஓரத்தில் முத்திரை குத்தினார்.

ஐந்து வருஷம் கழித்து
ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டில் கட்டில் திரை கழற்றக்
கூலிக்குப் போனேன்.
"பச்சை இலைக்குக் காசு கொடுத்தேன்,
இதைப் பார்" என்றாள் சீமாட்டி.
மேலே பூசிய மஞ்சள் வெயிலோடு போய்விட்டிருந்தது.
நீலம், என் நீலம்,
அப்படியே.

தலையணைப் பக்க மடிப்பில் அந்தப் பறவை.
கண்டுபிடித்தது நானல்ல, அவள் பையன்.
காய்ச்சலில் கிடந்தபோது பழக்கமாம்.
"இதுக்கு யார் ஒத்தைக் காலுறை போட்டது?"

நகக்கண்ணின் கறையை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு
"குளிராயிருந்திருக்கும்" என்றேன்.

"இன்னொரு காலுக்கு?"

கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.