வாசமில்லாத ஒன்று

பஸ் ஜன்னல் கம்பி
என் துப்பட்டாவில் வைக்கும் கறையைத்தான்
காலாப்பட்டில்
கண்ணாடிச் சில்லின் மேல் வளர்க்கிறேன்.
துரு.
ஐந்நூற்றைம்பது டிகிரி உலையில் ராத்திரியெல்லாம் கிடந்து
காலையில் செங்காவியாய் எழும்பும்.
நுண்ணோக்கியில் வைத்தால் நாற்றங்கால்:
ஒரு தலைமுடி அகலத்துக்கு ஆயிரம் நாற்று.

வெயில் பட்ட இடத்தில் ஒரு துளை பிறக்கும்.
தண்ணீரைத் தொட்டால்தான் அதற்கு வேலை.
ஆனால் நோஞ்சான்,
நாலு நானோமீட்டர் நடப்பதற்குள் செத்துவிடும்.
அதனால்தான் தண்டை இவ்வளவு ஒல்லியாக்குகிறோம்,
எங்கே பிறந்தாலும் கரை பக்கத்தில் இருக்கட்டும் என்று.
பெர்னதெத் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.
குடிகாட்டில் எங்கள் வீட்டுக்கும் ஆலைச் சுவருக்கும்
ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம்.

அங்கே ஜன்னலைச் சாத்தும் நேரம்
மூக்குக்குத்தான் தெரியும்.
அழுகின முட்டை என்றால் ஓர் ஆலை,
நெயில் பாலிஷ் என்றால் இன்னொன்று.
தூக்கத்திலேயே பெயர் சொல்வேன்.

ஹைட்ரஜனுக்கு வாசமில்லை.
பிளாட்டினக் கம்பியைப் பிடித்துக் குமிழ் குமிழாய் ஏறி
கவிழ்த்த குழாயில் ஒதுங்கும்.
உச்சிவெயிலில் மொட்டைமாடியில்
எங்கள் நிழல் அதன்மேல் விழாமல்
தள்ளி நின்று எண்ணுவோம்.
ஒரு டம்ளர் டீ கொதிக்க எத்தனை நாள் ஆகும் என்று
ஒருமுறை கணக்குப் போட்டேன்.
பெர்னதெத் தாளைக் கிழித்துவிட்டாள்.

போன வியாழன்,
எதிரே இவ்வளவு கடல் சும்மா கிடக்கிறதே என்று
ஒரு குடுவை மொண்டு வந்தேன்.
மின்னோட்டம் ஏறியது. கைதட்டினோம்.
அப்புறம்
அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை,
கருவியும் ஒன்றும் சொல்லவில்லை,
நான் மட்டும் ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

மொட்டைமாடியில் ஏது ஜன்னல்?

குளோரின்.
நாற்றங்காலின் முதல் பாதி பலித்துவிட்டது.
தண்ணீரை விட்டுவிட்டு
உப்பைப் போய் உடைத்திருக்கிறது என் பயிர்.

நோட்டில் எழுதினேன்:
கடல்நீர். மின்னோட்டம் கூடுதல். ஆக்சிஜன் குறைவு.
வாசம் உண்டு.
வாசத்துக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது,
ஓரத்தில்தான் எழுத முடிந்தது.

முள்ளோடைச் சாராயக்கடை வெளிச்சம் பின்னால் போகிறது.
அண்ணன் இந்நேரம் நைட் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பான்.
நாளைக்குத் தண்டுகளின் மேல் ஒரு தோல் பூச வேண்டும்,
தண்ணீரை விட்டு உப்பை நிறுத்தும்படி.
எவ்வளவு மெல்லிசாய் என்று தெரியவில்லை.
கம்பியில் சாய்ந்துகொள்கிறேன்.
கறை படியட்டும்.