மூன்று ஆம்பியர்

பஸ்ராவில் ஜூலை.
மதியம் இரண்டு மணிக்குப் போய்விட்டது.
போய்விட்டது என்றால் போதும்,
எது என்று அந்தச் சந்தில் யாரும் கேட்பதில்லை.
"கஹ்ரபா" என்று ஒரு வீடு முனகும்,
அடுத்த வீடு அதையே வசவாகச் சொல்லும்.

மொட்டைமாடியில் காற்றுப்பெட்டி
கடைசிச் சொட்டையும் சிந்திவிட்டு நின்றது.
மூன்று பக்கமும் அதில் அடைத்த வைக்கோல்
கால்மணி நேரத்தில் காய்ந்து
துணுக்கு துணுக்காய் வாசலில் உதிர்ந்தது.

பரிவாஷ் கதவைத் திறந்தாள்.
ஜெனரேட்டர்காரன் குதைர்
நோட்டைப் பிரித்தபடி நின்றான்.
அவன் தலைக்கு மேல், யாரோ கோபத்தில்
பாதியில் வீசிவிட்டுப் போன வலை மாதிரி
அவனுடைய கம்பிகள்.
"மூன்று ஆம்பியர். இரண்டு மாதம்."
"துறைமுகத்தில் இன்னும் சம்பளம் போடவில்லை.
நாளை என்கிறார்கள்."
"நாளைக்கு டீசல் ஊற்ற முடியாது, அம்மா."

உள்ளே போய் ஜபமாலையோடு வந்தாள்.
தேன் நிறம். சில மணிகளுக்குள்
எந்தக் காலத்துப் பூச்சியோ, இறகு மட்டும்.
"உன் மாமனாருடையது இல்லையா இது?"
"அவர் எண்ணி முடித்துவிட்டார்."

குதைர் ஒரு மணியைச் சட்டைக்கையில்
பரபரவென்று தேய்த்தான்.
குனிந்து, படியில் கிடந்த
வைக்கோல் துணுக்கின் பக்கம் கொண்டுபோனான்.
துணுக்கு கொஞ்சம் யோசித்தது.
பிறகு எழுந்து போய் ஒட்டிக்கொண்டது.

"கஹ்ரப்" என்றான். "அசல்."

அந்த வாரத்தில் முதல்முறையாக
பரிவாஷ் சிரித்தாள்.
"ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் பேச்சில்,
காஹ் என்றால் வைக்கோல்.
ருபா என்றால் பறிக்கிறவன்.
இந்த மணிக்கு நாங்கள் வைத்த பெயர்
வைக்கோல் திருடன்.
பெயரை வாங்கிக்கொண்டீர்கள்,
அர்த்தத்தைப் படகிலேயே விட்டுவிட்டீர்கள்.
பிறகு கம்பியில் புதிதாக ஒன்று வந்தபோது
அதற்கும் இதையே நீட்டிவிட்டீர்கள்."

குதைர் நோட்டைப் பார்த்தான்.
"அப்போது இருபது வருஷமாய்
நான் திருடனைத்தான் விற்கிறேனா?"
"ஆம்பியர் கணக்கில்."
"சரி, நீங்கள் அங்கே இதை என்ன சொல்வீர்கள்?"
"பர்க்."
"பர்க்கா! அது எங்கள் மின்னல்!"
"உங்களிடம் வாங்கியதுதான்."
"திருப்பித் தந்தீர்களா?"
"நீங்கள்?"

கோரம்ஷஹ்ர் பக்கமிருந்து
கோபுரம் கோபுரமாய்க் கால்மாற்றி வரும் கம்பியில்
அந்தக் கரையில் மின்னல் ஏறுகிறது,
இந்தக் கரையில் வைக்கோல் திருடன் இறங்குகிறான்.
நடுவே, தண்ணீருக்கு மேலே,
சற்று தூரம் அதற்குப் பெயரே கிடையாது.
அந்த இடத்தில் அது எப்படி இருக்கும் என்று
அவள் சில சமயம் நினைத்ததுண்டு.
மணமாகிப் படகில் வந்த அன்று
அவளும் அங்கே இருந்திருக்கிறாள்.

குதைர் ஆறு மணி கேட்டான்.
நான்கு கொடுத்தாள்.
வெட்டிய நூலை அவளே முடிச்சுப் போட்டாள்.

இரவு ஷாகிர் வந்து படுத்து
இருட்டில் மாலையை உருட்டினான்.
உதடு அசைவது கேட்டது.
முப்பத்து மூன்று வரவேண்டிய இடத்தில்
இருபத்தொன்பதில் முடிச்சு.
தூக்கக் கலக்கம் என்று நினைத்தானோ என்னவோ,
மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.
மறுபடி இருபத்தொன்பது.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தபோது
சந்துக் கோடியில் குதைரின் எந்திரம்
இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது.
மாடியில் தண்ணீர் ஏறும் சத்தம்.
நனைந்த வைக்கோலின் வாசனை
அறைக்குள் இறங்கியது.

"வந்துவிட்டது" என்றான் ஷாகிர்.
எது என்று அவள் கேட்கவில்லை.
அவன் கட்டைவிரல்
இன்னும் அந்த முடிச்சின்மேல்தான் இருந்தது.