சீனத்துப் பனி

முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
வெறும் கரிப்பென்றால் துப்பிவிடுவேன்.
குளிர்ந்து, பிறகு ஊசியாய்க் குத்தினால்
அந்தத் தொழுவத்தை
அரசரின் பெயரால் தோண்டுவேன்.

ஸ்மோலாந்தில் என்னை எவரும்
உட்காரச் சொன்னதில்லை.
வண்டியில் என் செப்புக் கொப்பரை குலுங்கும் ஓசையை
நாய்கள்கூட
ஓநாய்க்கு அடுத்தபடி வைத்திருக்கின்றன.
சட்டைக்குள் முத்திரைத் தாள்:
தொழுவத்துத் தரையில் பலகை பாவக் கூடாது,
கல் பதிக்கக் கூடாது.
பசுவின் மூத்திரம் இறங்கும் வழி
அரசரின் வழி.

போதில்ட் பாவியிருந்தாள்.
பைன் பலகை, பதினேழு.
"குளம்பு அழுகுது" என்றாள்.
"சட்டத்துக்குக் குளம்பு இல்லை" என்றேன்.
இப்படிப் பேசியே முப்பது வருடம் பிழைத்தவன் நான்.

நெம்பினேன்.
அடியில் கறுத்த மண்,
நாலு தலைமுறைப் பசுக்கள் பெய்தது.

கல்மார் துறைமுகத்தில் ஒரு டச்சு மாலுமி
குடித்துவிட்டுச் சொன்னான்:
சீனத்தில் ஒரு பேரரசனுக்குச்
சாகாமல் இருக்க ஆசை வந்ததாம்.
துறவிகள் உப்பும் கந்தகமும் தேனும்
ஒன்றாய்ப் போட்டுக் காய்ச்ச,
தாடி பொசுங்கியது, கூரை போயிற்று.
சாவா மருந்து தேடிப் போனவர்கள்
கையில் கிடைத்ததற்கும்
மருந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.
அரபியர் அந்த உப்பைச்
சீனத்துப் பனி என்பார்களாம்.
பொய்யாகவும் இருக்கலாம். அது அவனுக்கு மூன்றாவது கோப்பை.
ஆனால் கொப்பரை ஆறி
விளிம்பில் வெள்ளை பூக்கும் இரவுகளில்
நான் அதை நம்பியிருக்கிறேன்.

மேற்குச் சுவரோரம் வந்தபோது
மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.
"அந்த மூலை மாட்டோடது இல்லை."
"பின்னே?"
"ஹோகன். என் மகன்.
ஓநாய்க்குப் பயந்து ராத்திரியில வெளியே போகமாட்டான்.
பன்னிரண்டு வயசு வரைக்கும் இங்கேதான்."

போன வசந்தத்தில்
பத்து ஆண்களுக்கு ஒருவன் என்று
தேவாலய வாசலில் எண்ணி எடுத்தார்கள்.
அவன் பத்தாவதாக நின்றிருந்தான்.
இப்போது ஜெர்மன் நாட்டில் எங்கோ
அதே தேவனை வேறு விதமாய்க் கும்பிடுகிறவர்களைச்
சுட்டுக்கொண்டிருக்கிறான்.
அல்லது இல்லை.
பாதிரியார் பட்டியல் வாசிக்கும் ஞாயிறுகளில்
அவள் கதவோரமே நிற்பாளாம்,
ஓடத் தோதாக.

பிடியை விட்டாள்.
"எடுத்துக்கோ. அவனுக்கே போய்ச் சேரட்டும்.
அங்கே மருந்து போதலையோ என்னவோ."
சிரித்தாளா என்று
எனக்கு இன்றும் தெரியாது.

மூன்று நாள் காய்ச்சினேன்.
விறகு அவளுடையது. சாம்பல் அவளுடையது.
வைக்கோலும், என் கஞ்சியும்.
அரசர் தந்தது தாள் மட்டும்.
மேற்கு மூலை மண்ணில்தான்
விரல் நீளத்துக்கு விளைந்தது உப்பு.
அதைத் தனி மூட்டையாகக் கட்டினேன், எதற்கென்று தெரியாமல்.
ஆலையில் எல்லாம் ஒன்றாகத்தான் அரைபடும்:
ஹோகனின் மூலை, பிஷப்பின் லாயம்,
யாரோ ஒருவரின் புறாக்கூடு.

எதிரிக்கும் தொழுவம் உண்டு.
அங்கேயும் என்னைப் போல் ஒருவன்
நாக்கை நீட்டிக்கொண்டிருப்பான்.
அவனையும் எவரும்
உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வடித்த மண்ணைத் திருப்பிக் கொட்டினேன்.
பத்து வருடத்தில் மறுபடி விளையும்,
யார் அரியணையில் இருந்தாலும்.
சொன்னேன் அவளிடம்.
விரல்விட்டு எண்ணினாள்.
"அவனுக்கு அப்போ முப்பத்தொண்ணு."

நாலாம் நாள் காலை முதல் பனி.
முற்றத்தில் அடுக்கிய பலகைகளை எண்ணினேன்,
பதினாறு.
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
மேற்கு மூலையில் ஒன்று கிடந்தது,
அதன்மேல் சின்னதாய் ஒரு முக்காலி.

அபராதம் இரண்டு தாலர்.
தாளை எடுத்தேன், இறகை எடுத்தேன்.
மை உறைந்திருந்தது.
ஊதி இளக்கியிருக்கலாம்.
குதிரை அவசரப்பட்டது.