சூழல் வேறுபாடு போதாது

இந்த ஜோடியை நீக்கிவிடு என்று
பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது.
காரணம் தலைப்பிலேயே இருந்தது.
போன மாதம் இதே மனிதர்தான்
லாட்டரி விழுந்த குரலில் சொல்லி அனுப்பினார்:
ஒரே கருவில் பிறந்து வேறு வேறு நாட்டில் வளர்ந்த இரட்டையர்,
சல்லடை போட்டாலும் ஏழு ஜோடி தேறாது, விட்டுவிடாதே.

சேரம்பாடி இறக்கத்தில் ஜீப் நின்றது.
ஐஸ் பெட்டி, ஒரு குப்பி, நாற்பத்தொரு பக்கப் படிவம்.
பவளாயி இங்கே.
மரகதாயி கடலுக்கு அந்தப் பக்கம்,
அட்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் மேலே.
எழுபத்திரண்டில் ஒப்பந்தம் ஆட்களைப் பங்கு போட்டபோது
அப்பாவின் தாளில் ஒருத்தி, சித்தப்பாவின் தாளில் ஒருத்தி.
வயது ஒன்பது.

எச்சில் வேண்டும் என்றேன், இரண்டு மில்லி.
"கேட்டா வருமா? பழைய கங்காணிய நெனச்சா
குடமே நெறையும்" என்றாள்.
வெற்றிலை போட்டிருந்தாள்.
வாய் கொப்பளித்து அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.
அதற்குள் படிவத்தை முடிக்கலாம் என்று
போனில் மரகதாயியை அழைத்தோம்.

வளர்ந்த வீடு?
பத்துக்குப் பன்னிரண்டு, தகரக் கூரை.
அங்கே லயம், இங்கே லைன்.
முதல் கூலி வாங்கிய வயது?
பதினாலு.
எனக்கும் பதினாலு.
உணவு? ரொட்டி, சம்பல் என்றது போன்;
அப்பாடா, ஒரு வித்தியாசம்,
பெரிதாகவே எழுதினேன்.
உச்சந்தலையில் கூடைக் கயிறு பதிந்த பள்ளத்தை
விரல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்,
குறுக்கே ஓடும் வகிடு.
திரையில் இன்னொரு தலை குனிந்தது,
பள்ளம் தெரிய.

தானாக விழிப்பது எத்தனை மணிக்கு?
நாலரை, என்றாள் இவள்.
நாலரதான், என்றாள் அவள்.
இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதானே.
உறக்கத்தை ஆளும் மரபணு பற்றி
மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்த கட்டுரை
என் பையில்தான் இருந்தது. பேனா ஓடியது.
பிறகு தோன்றிக் கேட்டேன்: சங்கு எப்போது ஊதும்?
இங்கே சங்கு. அங்கே பெரட்டுத் தப்பு.
நாலரைக்கு.
அடித்துவிட்டு ஓரத்தில் "சூழல்?" என்று எழுதினேன்.

"சங்குமில்ல தப்புமில்ல" என்றது போன்.
"அப்பா கெளம்புனது நாலரைக்கு.
நா தூங்கிட்டு இருந்தேன். யாரும் எழுப்பல."

"எழுப்புனா அழுவேன்னு அம்மா சொல்லிச்சு."

"நீ முழிச்சுத்தான இருந்த?"

"இருந்தேன்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.
போகவில்லை,
அங்கே யாரோ பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அங்க மழையா?"
"மழதான். அங்க?"
"இப்பத்தான் புடிக்குது."

வைத்துவிட்டாள்.
அரை மணி முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது.
குப்பியைத் திறந்து நீட்டினேன்.
பவளாயி வாங்கி, உதட்டில் வைத்து,
நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"காஞ்சு கெடக்கு சார்,
இப்ப வராது."

பரவாயில்லை, இருக்கிறேன் என்றேன்.
ஐஸ் பெட்டியை மூடி
மழை படாமல் உள்ளே தள்ளி வைத்தேன்.