நடு இலக்கம்

சல்மாபாத்தில் எங்கள் கடைக்கு இடப்பக்கம் டிங்கரிங்,
வலப்பக்கம் ரேடியேட்டர்.
நடுவில் நாங்கள், தூசியே ஆகாத தொழில்.
கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டுத்தான்
காலையில் மெஷினைத் தொடுவேன்.
ஷமால் அடிக்கும் நாளில் அதுவும் போதாது.

ஐம்பதாவது ஆண்டு மலருக்காக ஒரு கம்பெனி
ஒரே ஒரு நெகட்டிவைக் கொடுத்தனுப்பியது.
கறுப்பு வெள்ளை. உள்ளங்கையில் அடங்கும்.
எழும்பும் துறைமுகச் சுவர், ஒரு கிரேன்,
கிரேனின் அடியில் கனத்த நிழல்.
"மூணுலயும் போட்டுக் காட்டுங்க,
பாத்து எடுத்துக்கறோம்" என்றார் செரியான்.

முதலில் தட்டை ஸ்கேனர்.
பெட்டிமேல் ஆறாயிரத்து நானூறு என்று அச்சடித்திருக்கும்,
உண்மையில் பாதியைக்கூடத் தாண்டாது,
மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் வளைகுடாச் சம்பளம் மாதிரி.
வானம் வந்தது, கிரேன் வந்தது.
ஃபிலிம் கண்ணாடியைத் தொட்ட இடத்தில்
டீ கிளாஸ் வைத்து எடுத்த தடம்போல் வளையங்கள்.
நிழல், தார் ஊற்றி மூடியதுபோல் நிழலாகவே.

இரண்டாவது ஃபிலிமுக்கென்றே பிறந்தது.
அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சித் தூசியைக் கண்டுபிடித்துத்
தானே துடைத்துவிடும் சமர்த்து.
அந்தப் பொத்தானை அணைக்க மறந்துவிட்டாள் ஜோவெலின்.
வண்ணப்படமென்றால் பரவாயில்லை.
கறுப்பு வெள்ளையில் உருவமே வெள்ளித்துகள்;
அந்தக் கதிருக்கு வெள்ளியும் அழுக்குதான்.
கம்பிவடத்தைத் தின்றது, சுவரின் விளிம்பை மெழுகியது,
வானத்துப் புள்ளிகளில்
எது அன்று வீசிய மணல், எது இன்றைக்கு எங்கள் கடைத் தூசி
என்று யாரையும் கேட்கவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டோம்.
கூர்மை. வடத்தின் முறுக்கை எண்ணலாம்.
நிழலுக்குள் ஏதோ இருக்கிறது என்றது,
என்ன என்று சொல்லவில்லை.

மூன்றாவதற்கு அரைநாள் வேண்டும்.
உருளை, அதன்மேல் எண்ணெய்,
எண்ணெய்க்குள் குமிழில்லாமல் ஃபிலிம்,
மேலே மெல்லிய தாள், நாலு பக்கமும் டேப்.
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுவேன்.
நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று.
ரேடியேட்டர் கடைப் பையன் தட்டுவதை நிறுத்தினால்
அதன் முனகல் கேட்கும்.
ஒரு நேரத்தில் ஒரே புள்ளி வெளிச்சம்,
அவசரமே இல்லாமல்.

நிழல் திறந்தது.

ஐந்து பேர்.
சிமெண்ட் மூட்டையில் சாய்ந்து ஒருவர் தூங்குகிறார்.
ஒருவர் பூட்ஸைக் கவிழ்த்து மணலைக் கொட்டுகிறார்.
இருவர் ஒரே தட்டில் கைவைத்திருக்கிறார்கள்.
ஐந்தாமவர் நேராக லென்ஸைப் பார்க்கிறார்,
ஹெல்மெட்டில் வெள்ளையாக எண்.

இல்லை, என் அப்பா இல்லை.
அவர் தாராபுரத்தில் மின்வாரியம், கடல் தாண்டியதே இல்லை.
அந்த ஐவரில் எனக்கு யாருமில்லை.
இருந்தாலும் பெரிதாக்கினேன்.
நான்கு, தெரிந்தது. கடைசியில் ஏழு, தெரிந்தது.
நடுவில் மூன்றா, எட்டா, ஒன்பதா?
இன்னும் பெரிதாக்கினேன்.
எண் வரவில்லை, துகள்தான் பெரிதாயிற்று.
எட்டாயிரத்தில் எடுத்தாலும் பன்னிரண்டாயிரத்தில் எடுத்தாலும்
அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை.
படமெடுத்தவன் ஃபோகஸ் வைத்தது சுவரின்மேல்.

செரியான் மூன்றையும் திரையில் பார்த்தார்.
மூன்றாவதில் கொஞ்சம் நின்றார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"முதல்ல எடுத்ததே போதும்.
நிழல் கறுப்பா இருந்தா சேர்மன் வாழ்த்துரையை
அங்க வெள்ளை எழுத்துல போட்டுக்கலாம்."
மூன்றுக்கும் காசு கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும்.

பெரிய கோப்பை அழித்துவிடு என்றாள் ஜோவெலின்,
எழுநூற்றுச் சொச்சம் எம்பி, இடத்தை அடைக்கும்.
அழிக்கவில்லை.
என்ன பெயரில் சேமிக்க என்று கேட்டது கணினி.
நான்கு தட்டினேன்,
ஒரு கீழ்க்கோடு,
ஏழு.